உக்கடத்துச் சுவரும் எங்க ஊர் பெயிண்டரும்

#1 – நொய்யல்கரை

வணக்கமுங்க. ரொம்ப நாளா மனசுல கிடக்கற ஒரு கேள்வி. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

போன மாசம் பொள்ளாச்சி பஸ்ஸை விட்டுட்டு கோயமுத்தூர் உக்கடத்துல ஒரு மணி நேரம் நிக்க வேண்டியதாப் போச்சு. சும்மா நிக்கறதுக்கு அந்த ஓவியம் வரைஞ்ச அடுக்குமாடி வீடுகள் பக்கம் நடந்தேன். தெருச் சுவர்ல ஓவியம் வரையற ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏசியன் பெயின்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து 'உக்கடம் ஆர்ட் டிஸ்ட்ரிக்ட்'னு பேர் வெச்ச இடம். காரில் போறப்ப பலதடவை பார்த்ததுதான். நடந்து பார்த்தா அது வேற இடம். கழுத்தை அண்ணாந்து பார்க்கற உயரத்துக்கு ஒரு படம், அதுக்குக் கீழே கொடியில சேலை காயுது, ஒரு பொடியன் சைக்கிள் டயரை உருட்டிக்கிட்டு அந்தப் படத்தை ஒருக்காகூடப் பார்க்காம ஓடறான். அவனுக்கு அது வீட்டுச் சுவர், அவ்வளவுதான். எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது.

அந்த அமைப்பைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர் ஹனீப் குரேஷி. 2024 செப்டம்பர்ல, 41 வயசுல, புற்றுநோய்ல இறந்துட்டாரு. குஜராத்துல தலாஜாங்கற சின்ன ஊர்ல பிறந்தவர். கடைவீதியில போர்டு எழுதற பெயிண்டருங்களைப் பார்த்துத்தான் அவருக்கு எழுத்து மேல ஆசை வந்தது. பரோடாவுல நுண்கலை படிச்சு, விளம்பரக் கம்பெனிகள்ல வேலை பார்த்து, 2014-ல நண்பர்களோட சேர்ந்து டெல்லி ஷாப்பூர் ஜாட் சந்துகள்ல முதல் தெரு ஓவிய விழாவை நடத்தினாரு. அதே வருஷம் டெல்லி போலீஸ் தலைமையகத்துச் சுவர்ல காந்தி வந்தாரு. ஏறத்தாழ 150 அடி உயரம். ஜெர்மன்காரர் ஹென்ட்ரிக் பைகிர்சும் நம்ம நாட்டு ஓவியர் அன்பு வர்க்கியும் வரைஞ்சது. சுவர்ல கிறுக்கினா பிடிச்சுட்டுப் போற போலீஸே தன் சுவரைக் கொடுத்ததை நினைச்சுப் பாருங்க. அதுக்கப்புறம்தான் லோதி காலனி. வெள்ளைக்காரன் காலத்து அரசு ஊழியர் குடியிருப்பு, இன்னிக்கு 50 சுவருக்கு மேல ஓவியம். வெளிநாட்டுக்காரங்க அதைப் பார்க்கறதுக்குன்னே வர்றாங்க.

டெல்லியில அந்த மனுசனோட செல்வாக்கு கண்ணுக்குத் தெரியுது. நம்ம ஊர்ல? ஓவியருங்க வந்தாங்க, சாரம் கட்டினாங்க, வரைஞ்சாங்க, போனாங்க. சாயம் மட்டும் வந்ததா, இல்ல கையும் இங்கே தங்குச்சா? கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர்னு யார் எங்க இருந்தாலும் சொல்லுங்க.

#2 – மில்வீடு

நல்ல கேள்வி. ஆனா நான் வேற பக்கத்துல நின்னு பேசறேன், கோவிச்சுக்காதீங்க.

நான் வளர்ந்தது இந்த மாதிரி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புலதான். எந்த ஊர், எந்த பிளாக் எல்லாம் வேண்டாம். மேல் வீட்டு பாத்ரூம் தண்ணி எங்க சமையல்கட்டுச் சுவர்ல பதினோரு வருசம் இறங்குச்சு. எங்கம்மா அந்தச் சுவர்ல ஆணி அடிக்க மாட்டாங்க. அடிச்சா காரை கொத்தோட வரும். மனு எழுதிக் கொடுத்து, வந்து பார்த்துட்டுப் போய், மறுபடி மனு எழுதின கதை எங்க பிளாக்குல எல்லா வீட்டுக்கும் உண்டு.

அப்படி ஒரு சுவருக்கு வெளிப்பக்கம் ஒருத்தர் வந்து சிரிக்கற முகத்தை வரைஞ்சா எனக்கு என்ன தோணும்? என் வீட்டோட முதுகுல வேற யாரோ பேசறாங்கன்னு தோணும். படம் அழகா இருக்கும். அதை மறுக்கலை. ரோட்டுல போறவங்களுக்கு அது படம், உள்ளே இருக்கறவங்களுக்கு அது ஓதம் ஏறின சுவர். இதைச் சொல்லாம செல்வாக்கைப் பத்திப் பேசக்கூடாதுங்கறதுதான் என் கட்சி.

#3 – எனாமல்கை

இந்த இழையை என் மகன் காட்டினான். நான் சொல்றதை அவனே அடிக்கறான். பிழை இருந்தா அவன்தான் பொறுப்பு.

திருப்பூர்ல 1983-ல இருந்து போர்டு எழுதினவன் நான். இப்ப 58. பதினஞ்சு வயசுல ஒரு மாஸ்டர்கிட்டச் சேர்ந்தேன். முதல் ஒரு வருசம் பிரஷ்ஷே தொடவிடலீங்க. டர்பன்டைன்ல பிரஷ் கழுவறது, டப்பா சுமக்கறது, ஏணி பிடிக்கறது. அப்புறம் நூல் பிடிக்கறது. நூல்ல சாக்பீஸ் பொடியோ நீலமோ தடவி, ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சு நடுவுல சுண்டினா சுவர்ல நேர்கோடு விழும். எழுத்தோட தலையும் காலும் அந்த ரெண்டு கோட்டுக்குள்ள நிக்கணும். 'ழ'வோட வால் மட்டும் கீழே இறங்கலாம். 'ஔ' வந்தா மாஸ்டரே ரெண்டு நிமிசம் யோசிப்பாரு.

அன்னைக்கு ஊர் முழுக்க எங்க கைதான். பனியன் கம்பெனி போர்டு, சாயப்பட்டறை கேட்டு, மளிகைக்கடை, பள்ளிக்கூடத்துல திருக்குறள், தேர்தல் வந்தா கட்சிச் சுவர். முதல்ல சுவரைப் பிடிக்கறதே ஒரு வேலைங்க. மூலையில கட்சி பேரைப் போட்டு இத்தனாம் வருசம் வரைக்கும்னு எழுதிட்டுப் போயிருவாங்க. மறுநாள் நாங்க போய்ச் சுண்ணாம்பு அடிப்போம். சுண்ணாம்புல கொஞ்சம் வஜ்ரப் பசை கலக்கணும், இல்லீன்னா கை வெச்சா ஒட்டும். காய்ஞ்சதுக்கப்புறம் எழுத்து. ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல ஒரே ஆள் விடியறதுக்குள்ள பத்துச் சுவர் எழுதுவோம்.

அந்தக் கையை வெச்சே ஆளைச் சொல்லிடலாம். தாராபுரம் பக்கம் ஒருத்தர் எழுத்து கொஞ்சம் சாய்ஞ்சு நிக்கும். காங்கேயத்துல ஒருத்தர் ஷேடு அடிச்சா எழுத்து சுவரைவிட்டு அரை அடி வெளியே வந்த மாதிரி இருக்கும். கீழே பேர் போடாட்டியும் பஸ்ல போறப்பவே இது இன்னார் கைன்னு சொல்லுவோம்.

2000-த்துக்கு அப்புறம் பிளெக்ஸ் வந்தது. ஒரு நாளு வேலையை ஒரு மணி நேரத்துல மிஷின் தள்ளிருச்சு. விலையும் குறைச்சல். எங்க செட்டுல பதினோரு பேர் இருந்தோம். ஒருத்தர் ஆட்டோ ஓட்டறாரு, ரெண்டு பேர் வீட்டுக்கு டிஸ்டெம்பர் அடிக்கப் போனாங்க, ஒருத்தர் சிங்கர் மிஷின்ல உட்கார்ந்துட்டாரு. நான் நம்பர் பிளேட் எழுதிப் பார்த்தேன், அதுக்கும் ஸ்டிக்கர் வந்துருச்சு.

மேலே நொய்யல்கரை தம்பி சொன்ன குரேஷி பத்தி என் மகன்தான் படிச்சுச் சொன்னான். படம் வரையறதுக்கு முன்னாடியே அவரு எங்க மாதிரி பெயிண்டருங்க எழுத்தைச் சேர்த்துக் கம்ப்யூட்டர்ல ஏத்தினாராம். டெல்லியில பெயிண்டர் கபீல், அப்புறம் பெயிண்டர் உமேஷ்னு எழுதினவங்க பேர்லயே எழுத்துரு வெச்சிருக்காராம். அதைக் கேட்டு அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலீங்க. முப்பது வருசம் எழுதினதுல என் பேரை எங்கேயும் நான் பெருசா எழுதினதில்லை. மூலையில கட்டைவிரல் அளவுக்கு 'ஆர்ட்ஸ்'னு போடுவோம், அதையும் சில முதலாளிமாருங்க அழிக்கச் சொல்லிடுவாங்க. ஒரு ஆள் வந்து உன் எழுத்துக்கு உன் பேருன்னு சொன்னான்னா, அவன்தான் எங்களை மதிச்சவன்.

கை தங்குச்சான்னு கேட்டீங்க. கை இங்கேயேதான் இருந்ததுங்க தம்பி. கூப்பிடத்தான் ஆளில்லை.

#4 – நொய்யல்கரை

அண்ணா, வாசிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தம்பிக்கும் சொல்லிடுங்க, ஒரு பிழையும் இல்லை.

மில்வீடு, நீங்க சொன்னதையும் நான் தள்ளலை. திரும்ப வர்றேன்.

#5 – கவுந்தப்பாடி_டு_பிரிஸ்டல்

மூணு வருசம் இங்கிலாந்துல பிரிஸ்டல்ல படிச்சவன், அந்த ஊர் கதையைச் சொல்றேன். எல்லாரும் பிரிஸ்டல்னா முகம் காட்டாம சுவர்ல வரையற பேங்க்ஸி, பேங்க்ஸின்னா பிரிஸ்டல்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. ஒருத்தர் வந்து ஊரை மாத்தினார்ங்கற மாதிரி. நான் அங்கே தெரிஞ்சுகிட்டது தலைகீழ்.

அவருக்கு முன்னாடியே, 1980-கள்ல, பார்டன் ஹில்னு ஒரு தொழிலாளர் பகுதியில ஒரு இளைஞர் மன்றம் இருந்தது. நம்ம ஊர் படிப்பகம், கேரம் கிளப் மாதிரி நினைச்சுக்கோங்க. அந்த மன்றத்துச் சுவர்ல பசங்க எப்ப வேணும்னாலும் வரையலாம்னு விட்டாங்க. ஊர் பூராவும் இருந்து பசங்க அங்கே வந்து கத்துக்கிட்டாங்க. 1989-ல போலீஸ் பெரிய வேட்டை நடத்தி நிறையப் பேரைப் பிடிச்சது. அதுல மாட்டின ஒருத்தர் இங்கிங்கற ஓவியர். 2011-ல நெல்சன் தெருவுல மாநகராட்சி ஆதரவோட பெரிய பெரிய கட்டடங்கள்ல ஓவிய விழா நடந்தப்ப, அதை முன்னாடி நின்னு நடத்தினது அதே இங்கி. 22 வருசம் ஆச்சு அந்த ஊருக்கு மனசு மாற.

நடுவுல 2006-ல பேங்க்ஸி ஒரு கட்டடத்துல, ஜன்னல்ல தொங்கற ஒரு ஆளை வரைஞ்சாரு. மாநகராட்சி ஆபீஸ்ல இருந்து பார்த்தா தெரியற இடம். அழிக்கறதா வெக்கறதான்னு மக்கள்கிட்டயே கேட்டாங்க. கருத்துச் சொன்னவங்கள்ல நூத்துக்கு 97 பேர் இருக்கட்டும்னுட்டாங்க. படம் இன்னிக்கும் இருக்கு. 2009-ல அதே ஊர் மியூசியத்துல அவர் கண்காட்சி நடந்தப்ப 3 லட்சம் பேருக்கு மேல வந்தாங்க.

நான் சொல்ல வர்றது, பேங்க்ஸி அந்த ஊரை உண்டாக்கலை. அந்த மன்றத்துச் சுவர்தான் அவரையும் சேர்த்து உண்டாக்குச்சு. நம்ம ஊர்ல பசங்க தப்புப் பண்ணிப் பழகறதுக்கு ஒரு சுவர் எங்கே இருக்கு? உக்கடத்துச் சுவர்ல யாரும் பழக முடியாது. அது முடிஞ்ச படம்.

#6 – மில்வீடு

கடைசி ரெண்டு வரிக்கு என் ஓட்டு.

#7 – சங்ககிரி_பட்டறை

சுவர் சுவர்னே பேசறீங்க, எங்க பக்கம் ஓவியம் ஓடிட்டு இருக்குதுங்க. நாமக்கல், சங்ககிரி லாரிப்பட்டறையில பாடி கட்டி முடிச்சா அடுத்தது பெயிண்டர்தான். முன்னாடி நெத்தியில சாமி பேரு, கதவுல தாமரை, பின்னாடி பசுமாடு கன்னு, டீசல் டேங்குல புலி. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி ராஜஸ்தான் பாலைவனத்துல நின்னாலும் நம்ம ஊர் எழுத்து அதுல இருக்கும். கொங்கு நாட்டுத் தெரு ஓவியம் எங்கேன்னு யாராச்சும் கேட்டா நான் நேஷனல் ஹைவேயைக் காட்டுவேன்.

இதுலயும் ஸ்டிக்கர் பாதி வந்துருச்சு. ஆனா மாட்டை மட்டும் கையில வரைஞ்சாத்தான் ஓனருக்குத் திருப்தி.

#8 – பீளமேடு_சாலை

இந்த இழையில யாரும் தொடாத ஒண்ணு. கோவையில நான் பார்த்த ரொம்ப வலுவான தெரு எழுத்துச் சுவர்ல இல்லை, தரையில இருந்தது.

2017 நவம்பர். அவிநாசி ரோட்டுல ஒரு அரசு விழாவுக்காக அலங்கார வளைவு கட்டியிருந்த இடத்துல, ராத்திரி பைக்குல வந்த ஒரு இளைஞர் விபத்துல இறந்தாரு. பொண்ணு பார்க்க வெளிநாட்டுல இருந்து ஊருக்கு வந்திருந்தவர். ரெண்டொரு நாள்ல அதே இடத்துல ரோட்டு மேல பெரிய எழுத்துல அவர் பேரைப் போட்டு, அவரைக் கொன்றது யார்னு ஆங்கிலத்துல யாரோ எழுதி வெச்சிருந்தாங்க. கார், பஸ், லாரி எல்லாம் அது மேல ஏறித்தான் போகணும். நானும் ஏறித்தான் போனேன். ஒரு கேள்வி மேல டயரை ஏத்தறது எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

சாரம் கட்டலை, கம்பெனி பெயின்ட் கொடுக்கலை, கீழே யாரும் பேர் போடலை. அந்தப் படம் நாடு பூரா போச்சு. பிளெக்ஸும் வளைவும் வேண்டாம்னு பேச்சு அதுக்கப்புறம்தான் எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்தது. சுவரை அலங்கோலப்படுத்தறதைத் தடுக்க 1959-லயே நம்ம மாநிலத்துல சட்டம் இருக்கு. அந்தச் சட்டத்துக் கண்ணுல அந்த ரோட்டு எழுத்தும் குத்தமாத்தான் தெரியும். ஆனா ஊரை அலங்கோலம் பண்ணினது எது?

எனாமல்கை அய்யா சொன்ன அதே பிளெக்ஸ்தான் இதுலயும் வருது. உங்க கையில இருந்து பிரஷ்ஷைப் பிடுங்கின சாமான், ரோட்டுல ஆளையும் விழ வெச்சது. 2019-ல சென்னையிலயும் பேனர் மேல விழுந்து ஒரு பொண்ணு அப்படித்தான் போச்சு.

#9 – வாத்தியார்_சென்னிமலை

கிராபிட்டி, அதாவது சுவர்க் கிறுக்கல், என்றதும் எல்லோரும் அமெரிக்காவையும் ஸ்ப்ரே டப்பாவையும் நினைக்கிறார்கள். தொல்லியல் படித்தவர்களுக்கு அந்தச் சொல் வேறொன்று. எங்கள் ஊரிலிருந்து நொய்யல் பக்கம் போனால் கொடுமணல். அங்கே தோண்டி எடுத்த பானை ஓடுகளில், சுட்ட பிறகு கூர்மையான கருவியால் கீறிய குறியீடுகள் ஏராளம். அதையும் கிராபிட்டி என்றுதான் ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். சில ஓடுகளில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ஆட்களின் பெயர்களே இருக்கின்றன. இரும்பு உருக்கி, கல்மணி கோத்து விற்ற ஊர் அது. இது என் பானை என்று ஒருவர் கீறி வைத்திருக்கிறார்.

கோவை பக்கம் குமிட்டிபதியில் பதிமலைப் பாறையில் வெள்ளை நிறத்தில் பழைய ஓவியங்கள் உண்டு. யானையைத் தெளிவாகப் பார்க்கலாம். மாணவர்களை அழைத்துப் போனபோது அந்த ஓவியங்களை ஒட்டியே இந்தக் காலத்து ஆட்கள் தங்கள் பெயர்களைக் கிறுக்கி வைத்திருந்ததைக் கண்டேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், அவங்க வரைஞ்சா ஓவியம், இவங்க எழுதினா கிறுக்கலா?" அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். பாறையில் வரைந்தவர் காலியான இடத்தைத் தேடியிருக்கிறார். பெயர் எழுதியவர் இன்னொருவர் வரைந்ததன் மேல் கை வைத்திருக்கிறார். அடுத்த வாரம் வகுப்பில் அவளிடம் இதைச் சொன்னேன். அவள் ஒப்புக்கொண்டாளா என்று தெரியவில்லை.

#10 – பீளமேடு_சாலை

வாத்தியாரே, மரியாதையோட ஒண்ணு. கொடுமணல் கீறலையும் உக்கடத்துச் சுவரையும் ஒரே நூல்ல கோக்க வேண்டாம். நடுவுல ரெண்டாயிரம் வருசம் இருக்கு. பானையில கீறினவன் ஊருக்குக் காட்டக் கீறலை.

#11 – வாத்தியார்_சென்னிமலை

ஒப்புக்கொள்கிறேன். ஒரே மரபு என்று சொல்ல வரவில்லை. சொல் ஒன்று, பொருள் இரண்டு என்பதைத்தான் சொன்னேன்.

#12 – சாரத்துமேல்

ஈரோடு. வயசு 23. சுவரோவியம்தான் என் வேலை, இப்போதைக்கு. ரெண்டு வருசமா பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹோட்டல்னு வரையறோம். நாங்க மூணு பொண்ணுங்க, ஒரு பையன்.

எனக்கு இதுல ஆசை வந்ததே 2020-ல சென்னை கண்ணகி நகர்ல வரைஞ்ச சுவர்களை போன்ல பார்த்துத்தான். அப்ப நான் காலேஜ்ல சேரப்போற பொண்ணு. ஏ-கில்னு ஒரு சென்னை ஓவியர், முகங்களை அப்படியே உசிரோட கொண்டு வருவாரு. அதே வருசம் இந்திரா நகர் ரயில் நிலையச் சுவர் பூரா அவரும் கத்ராங்கற டெல்லி ஓவியரும் சேர்ந்து வரிசையா முகங்களா வரைஞ்சாங்க. எச்.ஐ.வி. உள்ளவங்களை ஒதுக்காதீங்கன்னு சொல்றதுக்காக வரைஞ்சது. அந்த முகங்கள்ல யாருக்கு நோய் இருக்கு, யாருக்கு இல்லைன்னு பார்த்துச் சொல்ல முடியாது, அதுதான் விசயம்னு படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்தது. படம் இப்படியும் பேசுமான்னு.

அதனால நொய்யல்கரை அண்ணா கேள்விக்கு என் பதில்: தங்கியிருக்கு. எங்கிட்ட.

எப்படி வரையறோம்னு கொஞ்சம் சொல்றேன், எனாமல்கை அய்யா கேட்டா சந்தோசப்படுவாரு. பெரிய சுவர்னா முதல்ல சுவர் முழுக்கக் கிறுக்குவோம். எழுத்து, வட்டம், பூ, நம்பர், எது வேணும்னாலும். அந்தக் கிறுக்கலைப் போட்டோ எடுத்து, போன்ல அது மேல நம்ம படத்தை மங்கலா வெப்போம். இப்ப மூக்கு நுனி எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்துல வருதுன்னு தெரிஞ்சிடும். சாரத்துல நின்னுகிட்டு மூஞ்சியை முட்டற தூரத்துல இருக்கறப்ப முழுப் படமும் தெரியாது. அந்தக் கிறுக்கல்தான் வழி காட்டும். பழைய ஆளுங்க கட்டம் போட்டுப் பெருசாக்குவாங்க இல்லீங்களா, அதோட தங்கச்சி இது.

அப்புறம் வெயில். மேற்குப் பார்த்த சுவர்ல மத்தியானத்துக்கு மேல கை வைக்க முடியாது, பெயின்ட் பிரஷ்லயே காயும். விடியக்காலம் அஞ்சரைக்கு ஏறி பதினொண்ணுக்கு இறங்கிடுவோம். முதல் நாள் பொம்பளைப் புள்ளைங்க சாரத்துல நிக்குதுன்னு எல்லாரும் வேடிக்கை பார்ப்பாங்க. மூணாவது நாள் அக்காமாருங்க மோரும் கம்மங்கூழும் கொண்டாந்து கொடுப்பாங்க. அஞ்சாவது நாள் "கண்ணு, அந்தப் பொண்ணு மூக்குக்கு ஒரு மூக்குத்தி வெச்சுடு"ம்பாங்க. நாங்க வெச்சுடுவோம். அந்த மூக்குத்திக்கு அப்புறம் அந்தச் சுவர்ல யாரும் போஸ்டர் ஒட்டினது இல்லை.

எனக்கு இருக்கற ஒரே குறை எழுத்துதான். முகம் வரைவேன், தமிழ் எழுத்து எழுதினா கோணும். போன்ல இருக்கற எழுத்துருவைப் பார்த்து வரையறோம், சுவர்ல அது செத்துப்போய் நிக்குது.

#13 – எனாமல்கை

கண்ணு, நீ திருப்பூர் வா. ஒரு மாசத்துல எழுத்து வந்துரும். முதல்ல பிரஷ்ஷை நேரா வெட்டிக்கணும், கையை ஊனறதுக்கு ஒரு குச்சி வேணும், மூச்சை விட்டுட்டுக் கோடு இழுக்கணும், பிடிச்சுட்டு இழுத்தா நடுங்கும். 'அ' எழுதி எழுதி நூறு தடவை அழி. மத்ததெல்லாம் அதுக்குள்ள இருக்கு.

கிறுக்கல் விசயம் கேட்டு மகனை ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். ரொம்ப கெட்டிக்காரத்தனம். சினிமா பேனர் எழுதறப்ப நாங்க கட்டம் போட்டு அவதிப்பட்ட நாளெல்லாம் நினைப்பு வந்தது.

இன்னொண்ணு, மில்வீட்டுத் தம்பி கேட்டதுக்கு. அது வெறும் மனக்குறை இல்லீங்க, தொழில் விசயமும் அதுதான். உள்ளே தண்ணி இறங்கற சுவர்ல வெளியே எமல்ஷன் அடிச்சா ஈரம் வெளியேற வழியில்லாம பெயின்ட் கொப்புளிக்கும். உப்புப் பூத்து வெள்ளையாத் தள்ளும். சுண்ணாம்புச் சுவர்னா மூச்சு விடும். அதை நல்லாச் சுரண்டாம மேல எமல்ஷன் போட்டா ரெண்டு மழையில தோல் உரியும். அதனால பைப்பைச் சரி பண்ணாம படம் வரையறவன் பெயிண்டரே இல்லை. ஓதம் பார்த்துட்டுத்தான் நாங்க சுவர்ல கையே வைப்போம். காலையில உள்கை வெச்சுப் பார்த்தாலே தெரியும், சில்லுனு இருக்கும்.

சாயமும் அப்படித்தான். வெயில்ல முதல்ல போறது பளிச்சுனு இருக்கற சிவப்பும் மஞ்சளும். காவி போகவே போகாது. கோயில் மதில்ல காவியும் சுண்ணாம்பும் பட்டை அடிச்சதுக்குக் காரணம் இல்லாம இல்லீங்க.

#14 – மில்வீடு

இதை எதிர்பார்க்கலை. நான் ஒரு வருத்தத்தைச் சொன்னேன், நீங்க அதை வேலையாவே புரிஞ்சுக்கிட்டீங்க.

அப்ப என் கோரிக்கையைத் திருத்தறேன். குடியிருப்புல வரையறதுக்கு முன்னாடி பெயிண்டரும் பிளம்பரும் சேர்ந்து வீடு வீடா ஏறட்டும். எந்தச் சுவர்ல ஓதம், எந்த பைப் உடைஞ்சிருக்குன்னு குறிக்கட்டும். அதைச் சரி பண்ணின சுவர்ல வரையட்டும். படம் உரியக்கூடாதுன்னாவது எங்கம்மா சமையல்கட்டுக் காயும். யார் வந்து எந்த முகத்தை வேணும்னாலும் வரைஞ்சுட்டுப் போகட்டும், நானே ஏணி பிடிக்கறேன்.

#15 – கவுந்தப்பாடி_டு_பிரிஸ்டல்

அழிக்கறதைப் பத்தியும் ஒரு வார்த்தை. பிரேசில்ல சாவோ பாலோ ஊர்ல ஓஸ் ஜெமியோஸ்னு இரட்டைச் சகோதரர்கள். மஞ்சள் மூஞ்சி ஆளுங்களா வரைவாங்க, உலகம் பூரா தெரியும். 2008-ல அவங்க வரைஞ்ச பெரிய சுவரை மாநகராட்சி ஆளுங்களே சாம்பல் நிறம் அடிச்சு மூடிட்டாங்க. ஊரே கொதிச்சு, மறுபடி அவங்களையே கூப்பிட்டு வரையச் சொல்ல வேண்டியதாச்சு. 2017-ல புது மேயர் வந்து ஒரு பெரிய சாலை நெடுகச் சாம்பல் அடிச்சாரு, மறுபடி சண்டை. அந்த ஊர்ல சாம்பல் நிறமே ஒரு கட்சி மாதிரி ஆயிடுச்சு.

நம்ம ஊர்ல ஒரு சுவரை அழிச்சா யாராச்சும் கேப்பாங்களா? அதுதான் செல்வாக்குக்கு என்னோட அளவுகோல்.

#16 – சாரத்துமேல்

மூக்குத்தி வெச்ச சுவரை அழிச்சா கேப்பாங்க அண்ணா. அந்த அக்கா கண்டிப்பாக் கேக்கும்.

#17 – நொய்யல்கரை

இத்தனை பேர் எழுதுவீங்கன்னு நினைக்கலை. நான் கேள்வியைக் கொஞ்சம் தப்பாக் கேட்டிருக்கேன்னு இப்பத் தெரியுது. உக்கடத்துக்கு வந்தவங்க இங்கே என்ன விட்டுட்டுப் போனாங்கன்னு கேட்டேன். இங்கே இருந்தவங்களை நாம எங்கே விட்டோம்னு கேட்டிருக்கணும். குரேஷி பண்ணின வேலையில லோதி காலனியைவிட எனக்கு இப்பப் பெருசாத் தெரியறது பெயிண்டர் கபீலைத் தேடிப் போனதுதான்.

எங்க ஊர் நொய்யல் கரையில சின்னக் கிராமம். மாரியம்மன் நோம்பிக்கு முன்னாடி நூலகச் சுவரை வெள்ளையடிக்கப் போறாங்க. 30 அடி நீளம், 9 அடி உயரம். பஞ்சாயத்துல பேசினேன், எழுதிக் கொடுக்கறோம்னு சொல்லியிருக்காங்க. நேத்து காலையில உள்கையை வெச்சுப் பார்த்தேன், இடது மூலையில மட்டும் சில்லுனு இருக்கு. தண்ணித் தொட்டி பைப் அந்தப் பக்கம்தான் போகுது.

எனாமல்கை அண்ணா எழுத்து, சாரத்துமேல் தங்கச்சி படம். கூலி ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு, ஊர்க் காசுல. வலது பக்கம் ஆறடி மட்டும் காலியா விடறோம், பள்ளிக்கூடத்துப் பசங்க பழகறதுக்கு. அதை வருசா வருசம் சுண்ணாம்பு அடிச்சு மறுபடி அவங்களுக்கே கொடுக்கறது.

#18 – எனாமல்கை

வர்றேன். பைப்பை மட்டும் இந்த வாரம் மாத்திடுங்க. சுவர் காய இருபது நாளாச்சும் வேணும். சுண்ணாம்பு நீத்தி வைக்க ஒரு தொட்டி பார்த்து வைங்க. கீழே ரெண்டு பேர் பேரும் எழுதணும், அதுக்கு எத்தனை இடம் விடறதுன்னு வந்து சொல்றேன்.

#19 – மில்வீடு

எங்க பிளாக்குல பைப் வேலை பார்க்கற அண்ணன் ஒருத்தர் இருக்காரு. சனிக்கிழமை கூட்டிட்டு வர்றேன். ஏணி உங்க ஊர்ல இருக்கா, இல்ல இங்கிருந்தே கொண்டாரணுமா?

#20 – சாரத்துமேல்

சுவர் எந்தப் பக்கம் பார்த்திருக்குன்னு யாருமே சொல்லலீங்களே? மேற்குன்னா காலை அஞ்சரை. கிழக்குன்னா மூணு மணிக்கு மேல.

#21 – நொய்யல்கரை

மேற்குங்க. ஏணி இருக்கு.